கருவி கெட்டாலும் கச்சேரி கச்சேரிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பகுதியில் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பிரஸ்டன் கச்சேரி ஆல்பத்தைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் எழுதியதைப் படித்தேன். "ஆம்ப் கரகரக்கிறது, கீபோர்டு தகராறு செய்கிறது, இறந்துபோன பாடகரின் பெயரைச் சொல்லிக் கெட்டுப்போன டேப்பைக் காசாக்கியிருக்கிறார்கள், யாரும் கேட்கத் தேவையில்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கச்சேரி 1980 பிப்ரவரி 28 அன்று லங்காஷயரின் பிரஸ்டன் நகரில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் நடந்தது. கருவிகள் தகராறு செய்தது உண்மைதான். எல்லாம் கெட்டுக்கொண்டே வருகிறது, மன்னியுங்கள் என்று மேடையிலிருந்து சொல்வது கூட அதில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு என்னென்ன வாசித்தார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் பார்த்தாரா? 'ட்வென்டி ஃபோர் அவர்ஸ்', 'தி எடர்னல்', 'ஹார்ட் அண்ட் சோல்', 'காலனி' ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. இந்தப் பாட்டுகள் இடம்பெற்ற 'குளோசர்' ஆல்பத்துக்காக அவர்கள் லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவுக்குப் போனது அதற்கு அடுத்த மாதம்தான். ஆல்பம் ஜூலையில் வந்தது. பாடகர் இயன் கர்ட்டிஸ் மே 18 அன்றே இறந்துவிட்டார். அதாவது, அந்தப் பாட்டுகள் இசைத்தட்டில் ஏறி முடிவான உருவம் பெறுவதற்கு முன்னால், கருவிகள் காலை வாரும்போதும் நான்கு பேரும் விடாமல் வாசித்ததன் பதிவு இது. 1999 வரை காத்திருந்துதான் இது முறையான ஆல்பமாக வெளிவந்தது. இதைப் போய்க் கேட்கத் தேவையில்லை என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

ஸ்டுடியோ ஆல்பங்கள்தான் உண்மையான ஜாய் டிவிஷன் என்றும் அவர் எழுதுகிறார். அவற்றின் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டின் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. டிரம்ஸை ஒவ்வொரு துண்டாகத் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, சத்தத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் டிஜிட்டல் டிலே போட்டு, ஆளில்லாத பெரிய கட்டடத்துக்குள் வாசிப்பது போன்ற ஒரு சத்தத்தை உண்டாக்கியவர் அவர். ஆனால் 1979-இல் முதல் ஆல்பமான 'அன்னோன் பிளஷர்ஸ்' வந்தபோது கிதார் கலைஞர் பெர்னார்ட் சம்னருக்கும் பேஸ் கிதார் கலைஞர் பீட்டர் ஹுக்குக்கும் அது பிடிக்கவில்லை. மேடையில் நாங்கள் வாசிக்கிற வேகமும் கோபமும் இதில் இல்லையே என்று வருத்தப்பட்டார்கள். ஹானெட் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பின்னாளில் ஹுக்கே ஒப்புக்கொண்டார், அது வேறு. அந்த மேடைச் சத்தம் எப்படியிருந்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கிற வழி இந்த மாதிரிப் பதிவுகள்தானே. பிரஸ்டன் ஆல்பத்தில் 'ஷேடோபிளே' பாட்டைக் கேளுங்கள். ஸ்டுடியோவில் தள்ளி நிற்கிற கிதார் இங்கே முகத்துக்கு நேரே வருகிறது. ஸ்டீபன் மாரிஸின் டிரம்ஸ் யாரும் துண்டு துண்டாகக் கோத்தது அல்ல, ஒரு மனிதர் வியர்த்து அடிப்பது.

ஹுக் பேஸை அவ்வளவு மேல் சுருதியில் வாசிக்கப் பழகியதற்குக் காரணமே அவருடைய மட்டமான ஆம்ப்தான். சம்னரின் கிதார் சத்தத்தில் கீழ் ஸ்வரங்கள் அவர் காதிலேயே விழவில்லை, மேலே போய் வாசித்தால்தான் விழுந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க எத்தனையோ குழுக்கள் காப்பியடிக்கிற அந்த பேஸ் கெட்ட கருவியிலிருந்து பிறந்தது. இது தெரியாமல் ஆம்பைக் குறை சொல்வது என்ன நியாயம்?

நான் பல வருடம் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவன். கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது ஜெனரேட்டர் இறங்கிக் கீபோர்டு செத்துப்போகும். மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவனுக்கு வயிறு கலங்கும். அந்த நேரத்தில் தபேலாக்காரர் நிறுத்தாமல் நடையைப் பிடித்துக்கொள்வார், பாடகி கீபோர்டுக்காகக் காத்திராமல் அடுத்த சரணத்தை எடுத்துவிடுவார். ஒரு குழு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது அந்த மாதிரி நேரத்தில்தான். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறபோது யார் வேண்டுமானாலும் நன்றாக வாசிப்பார்கள்.

அப்புறம், மார்கழி வந்தால் நீங்களே பழைய வித்வான்களின் கச்சேரி டேப்புகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். மைக் கரகரப்பு, முன் வரிசை இருமல், "ஆஹா" என்கிற குரல் எல்லாம் கச்சேரியின் உயிர் என்று எழுதுகிறீர்கள். நானும் அப்படித்தான் ரசிக்கிறேன். அந்த மரியாதை மான்செஸ்டர் பையன்களுக்கு மட்டும் ஏன் கிடையாது?

இது முதல் தடவையும் இல்லை. அன்னோன் பிளஷர்ஸ் அட்டையிலுள்ள வெள்ளைக் கோடுகளை "பாடகரின் மனத்துயரத்தின் வரைபடம்" என்று முன்பொரு இதழில் போட்டீர்கள். அது சிபி 1919 என்ற பல்சாரின், அதாவது துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் ஒரு நட்சத்திரத்தின், ரேடியோ துடிப்பு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டுபிடித்த முதல் பல்சார் அது. அந்தப் படத்தை ஒரு வானியல் கலைக்களஞ்சியத்திலிருந்து குழுவினர் எடுத்துக் கொடுத்தார்கள், வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அட்டையாக்கினார். அப்போதே எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. சரி, இடமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

விட முடியாத ஒன்று இருக்கிறது. அதே கட்டுரையில் கர்ட்டிஸ் மேடையில் ஆடிய ஆட்டத்தை "போதையின் உச்சம்" என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு வலிப்பு நோய். 1978 டிசம்பரில் லண்டனில் கச்சேரி முடித்துக் காரில் திரும்பும்போது பெரிய வலிப்பு வந்தது, அடுத்த மாதமே மருத்துவர்கள் உறுதி செய்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 4 அன்று லண்டன் ரெயின்போ தியேட்டரில் விட்டுவிட்டு மின்னும் விளக்கில் மேடையிலேயே வலிப்பு வந்து டிரம்ஸ் மீது விழுந்தார். அன்றிரவே இன்னொரு கிளப்பிலும் போய்ப் பாடினார். அப்போது வயது 23. மாக்கிள்ஸ்ஃபீல்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக்கொடுப்பது அவர் முன்பு பார்த்த உத்தியோகம். அங்கே வேலை கேட்டு வந்த, வலிப்பு நோயுள்ள ஒரு பெண் பிறகு இறந்துபோனாள். 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' அவளை நினைத்து எழுதியது. பிரஸ்டன் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அதுதான்.

என் தம்பிக்கும் வலிப்பு உண்டு. பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை விழுந்துவிட்டான். ஒருக்களித்துப் படுக்க வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்று இன்னொருவர் சொன்னது அவனுக்கு நினைவு திரும்புகிற நேரத்தில் காதில் விழுந்திருக்கிறது. இன்றுவரை அவன் தனியாக பஸ் ஏறுவதில்லை. உங்கள் பத்திரிகையை அவனும் படிக்கிறான். "போதையின் உச்சம்" என்று அச்சில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினான். இவ்வளவு விஷயம் தெரிந்த ஆசிரியர் குழு இதை எப்படி அச்சுக்கு அனுப்பியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், கர்ட்டிஸுக்கு இருந்தது வலிப்பு நோய், போதை என்று எழுதியது தவறு என இரண்டு வரி போடுங்கள். முடிந்தால் பிரஸ்டன் ஆல்பத்தை முழுதாகக் கேட்ட ஒருவரை அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் என் சவுண்ட் சர்வீஸ் கதையை வெட்டிவிடுங்கள். வலிப்பைப் பற்றிய பகுதியில் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்