கூலிக் குறைப்பில் கையெழுத்திட்ட சங்கத் தலைவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுவீடனின் முன்னாள் பிரதமர் ஸ்டெஃபான் லோஃப்வென் என்றதும், 2021 ஜூனில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றதையே பலரும் சொல்கிறார்கள். அந்நாட்டில் அப்படித் தோற்ற முதல் பிரதமர் அவர்தான், சரி. என் மனதில் நிற்பதோ 2009. வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்து வெல்டரானவர், அப்போது ஐஎஃப் மெட்டல் என்ற ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். உலக நிதி நெருக்கடியில் ஆலைகள் ஆட்களை வெளியேற்றியபோது, வேலைநேரத்தோடு சம்பளத்தையும் 20 சதவீதம் வரை தற்காலிகமாகக் குறைக்கச் சம்மதித்தார். மற்ற சங்கங்களிலிருந்து கடும் கண்டனம். கூலி உயர்வு கேட்கவேண்டிய தலைவர் கூலிக் குறைப்பில் கையெழுத்திடுவது லேசான காரியமா? ஆட்களின் வேலையைக் காப்பாற்ற எடுத்த அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். அப்புறம்தான் 2012இல் சமூக ஜனநாயகக் கட்சித் தலைமையும் 2014இல் பிரதமர் பதவியும். அவரைப் பற்றி எழுதும்போது இந்த 2009க்கும் நான்கு வரி ஒதுக்குங்கள்.