தொடர்புக் குழுவைப் பொறுப்பேற்ற நண்பனுக்கு

மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் தமிழ்ப் பங்கில், அதாவது தமிழ் இறைமக்கள் சமூகத்தில், தொடர்புக் குழுவை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். இணையத்தளத்தை முதலில் தொடங்குவதா, முகநூல் பக்கத்தையா, மாதாந்த மடலையா என்று கேட்டிருக்கிறாய். மூன்றையும் கொஞ்சம் ஒதுக்கி வை. முதலில் பங்கின் குடும்பப் பதிவேட்டைக் கையில் எடு. எந்த வீட்டுக்குப் பங்கின் செய்தி போய்ச் சேரவில்லை, எந்த வீட்டிலிருந்து மாதக் கணக்கில் ஒரு வார்த்தையும் பாதர் தங்கும் அறைவீட்டுக்கு வரவில்லை என்று ஒவ்வொரு பெயராகப் பார். அந்த வீடுகளுக்கு யார் போவது என்று தீர்மானித்த பிறகு மற்றவற்றை யோசிக்கலாம்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் பங்குக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. திருப்பலி நேரம், நவநாள், கொடியேற்றம், சிரமதானம், மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான் வருகின்றன. அதை நடத்தும் இளைஞர்கள் வேலைக்குப் போய் வந்து, இரவில் கண் விழித்து அதைச் செய்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு நிறைந்த மதிப்பு உண்டு. ஆனால் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம். தேர்தல் நேரத்தில் ஒருவர் கட்சிப் படத்தைப் போட, இன்னொருவர் வரிந்துகட்டிக்கொண்டு வர, அன்றைக்குப் பூட்டியது இன்னும் திறக்கப்படவில்லை. படுக்கையில் இருக்கும் தன் தகப்பனுக்கு நற்கருணை கொண்டுவரும்படி கேட்க ஒரு மகளுக்கு அங்கே இடமில்லை.

சென்ற மாதம் வாவிக்கரை ஒழுங்கையில் ஒரு வயோதிப மாது இறந்துபோனார். லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் உறவினர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் அனுதாபம் எழுதிவிட்டார்கள். இரண்டு வளவு தள்ளி இருக்கும் அவருடைய தோழிக்கு மட்டும் தெரியாது. அவரிடம் இருப்பது பொத்தான் தொலைபேசி. கோவில் மணி துக்கத்துக்கு அடிப்பதைக் கேட்ட பிறகுதான் "யாருக்கு?" என்று விசாரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இருவரும் சிறுவயதில் ஒரே நாளில் முதல் நன்மை, அதாவது முதன்முதல் நற்கருணை, எடுத்தவர்கள். இவருக்கு யார் சொல்வது என்ற கேள்வி எவருடைய மனதிலும் எழவில்லை. குழுவில் போட்டாயிற்று என்பதே எல்லோருக்கும் போதுமாக இருந்தது.

கருவிகளை நான் வெறுக்கிறேன் என்று எண்ணிவிடாதே. எங்கள் பங்கிலிருந்து ஒரு தங்கச்சி சவூதியில் வீட்டு வேலை செய்கிறாள். அந்த நாட்டில் ஒரு தேவாலயம்கூட இல்லை. எங்கள் ஞாயிறு திருப்பலியை நேரலையில் அவள் சமையலறையில் நின்றபடி கேட்கிறாள். மன்றாட்டில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகச் செபித்த அன்று அழுதுவிட்டதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்காகவே அந்தக் கமெராவுக்கு எவ்வளவு செலவானாலும் தகும். எங்கள் பாதர் இப்போது திருப்பலித் தொடக்கத்தில் ஒரு நிமிடம் கமெராவைப் பார்த்து அவர்களை வரவேற்கிறார். அது அவராகவே செய்தது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒன்றை யோசித்துப் பார். கோவிலில் வாசிக்கும் அறிவித்தல்களில் கேட்பவனிடம் மறுமொழி எதிர்பார்க்கும் அறிவித்தல் எது? கல்யாண ஓலை. இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் திருமணம் செய்யப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்று வாசிப்பார்களே, அதுதான். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1069 ஆம் பிரிவும் இதை எல்லா விசுவாசிகளுக்கும் உரிய கடமையாகவே வைத்திருக்கிறது. சிறுவயதில் ஓலை வாசிக்கும்போது கோவில் முழுவதும் காது கொடுத்துக் கேட்கும், நினைவிருக்கிறதா? தங்களிடமும் ஒன்று கேட்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற அறிவித்தல்கள் வாசிக்கும்போது பிள்ளைகள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அதே சட்டத்தின் 212 ஆம் பிரிவை உன் குழுவில் ஒருநாள் எல்லோருமாக இருந்து வாசியுங்கள். திருச்சபையின் நன்மை தொடர்பாகத் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட என்கிறது. மரியாதையோடு சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. 1287 ஆம் பிரிவு, மக்கள் காணிக்கையாகக் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு வரவு செலவை எழுதிக் கோவில் வாசலில் ஒட்டிவிட்டால் ஊரில் பாதிப் பேச்சு அடங்கிவிடும். ஒட்டாமல் விட்ட இடத்தில் தேநீர்க் கடையில் வேறொரு கணக்கு உருவாகிறது. அந்தக் கணக்கைத் திருத்த ஒரு பாதராலும் முடியாது.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்றும் இருக்கிறது. 2021 ஒக்டோபரில் மறைமாவட்டங்கள்தோறும் சினட் எனும் ஆயர் மாமன்றத்துக்காக மக்களின் கருத்தைக் கேட்கும் பணி தொடங்கியபோது, அயல் வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்திலும் கேள்விகளைக் கொடுத்தார்கள். ஒருநாளும் வாய் திறக்காத பெண்கள் அன்று பேசினார்கள். கணவனை இழந்த ஒருத்தி, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் நாற்பதாம் நாளுக்குப் பிறகு வருவதில்லை என்றாள். மீன்பிடிக்கப் போகும் ஒருவர், காலைத் திருப்பலிக்கு வர முடியாத தங்களுக்கு மாலைத் திருப்பலி வேண்டும் என்றார். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்களிடம் திரும்பி ஒரு சொல் வரவில்லை. எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாசித்திருந்தால் போதும். கணவனை இழந்த அந்தப் பெண் அதன் பிறகு அன்பியத்துக்கு வந்தாலும் பேசுவதில்லை. கேட்டுவிட்டு மறுமொழி சொல்லாமல் விடுவது, கேட்காமல் விடுவதைவிடக் கூடுதலாக மனதை உடைக்கிறது. உன் குழு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்தத் தவறை மட்டும் செய்துவிடாதே.

நம் பழைய உபதேசியாரை நினைத்துப் பார்க்கிறேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள சிற்றாலயங்களுக்குச் சுவாமியார் மாதத்தில் ஒருமுறை போவதே பெரிது. இடைப்பட்ட நாட்களில் உபதேசியார்தான் தோணியில் ஏறியும் சைக்கிள் மிதித்தும் வீடு வீடாகப் போவார். இங்கிருந்து செய்தி கொண்டுபோவார். அங்கிருந்து நோயாளியின் பெயர், ஞானஸ்நானத்துக்கு இருக்கும் பிள்ளை, பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி என்று எல்லாவற்றையும் திரும்பிக் கொண்டுவருவார். சுவாமியார் அங்கே போய் இறங்கும்போது எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நம் மறைமாவட்டம் திருகோணமலையிலிருந்து பிரிந்து தனியாகியது 2012 இல்தான். அதற்கு முன் ஆயர் இருந்த இடத்துக்கும் நமக்கும் இருந்த தூரம் உனக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களின் கால்கள்தான் அந்தத் தூரத்தைக் குறைத்தன.

யுத்த காலத்தை நீயும் நானும் ஒன்றாகக் கண்டவர்கள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தாய்மார் முதலில் ஓடிவந்தது அறைவீட்டுக்குத்தான். அவர்கள் சொன்னதைக் கேட்டு, பெயரை எழுதி, முகாம் வாசலில் போய் நின்று கேட்பதற்கு அங்கே ஒருவர் இருந்தார். பிரஜைகள் குழுவில் முன்னின்ற சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். புனித மைக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹேபியர், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த இளைஞனோடு காணாமல்போனார். ஒரு தாயின் சொல்லைக் கேட்டு இன்னொருவரிடம் கொண்டுபோவது எவ்வளவு விலை உள்ள வேலை என்பதை நம் மண் இப்படித்தான் அறிந்தது. பங்கில் தொடர்பு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்த இருவரின் முகம்தான் வருகிறது. கமெராவும் ஒலிபெருக்கியும் பிறகுதான்.

2019 உயிர்த்த ஞாயிறு நீ இங்கே இல்லை. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று எந்தக் கதை உண்மை, எது பொய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. பொதுத் திருப்பலிகளும் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28 ஞாயிறு, கர்தினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். வட்ஸ்அப்பும் இல்லை, கோவிலும் இல்லை. அந்த வாரத்தில் எங்கள் பங்கைத் தாங்கியவர்கள் அன்பியத் தலைவிகள். வீடு வீடாக எட்டிப் பார்த்து, யார் வீட்டில் பயந்து சாப்பிடாமல் இருக்கிறார்கள், யாருடைய பிள்ளை வைத்தியசாலையில் என்று அறிந்து பாதருக்குச் சொன்னார்கள். பாதர் ஒவ்வொரு படலையிலும் நின்று பேசினார். இளைஞர்களின் கோபம் அயலிலுள்ள முஸ்லிம் குடும்பங்கள் பக்கம் திரும்பாமல் நின்றதற்கு, அவர் அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசியதே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களுடைய பெயர்கள் அவருக்குத் தெரிந்திருந்தன.

உங்கள் குழுவில் யாராவது இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்றால், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை எடுத்துச் சொல். சமூகத் தொடர்பு பற்றிய ஏடு வெளியானது 1963 டிசம்பர் 4. அதே நாளில்தான் திருவழிபாடு பற்றிய ஏடும் வெளியானது. அதன் பயனாகப் பூசை நம் மொழிக்கு வந்தது. அதற்கு முன் நம் பாட்டிமார் இலத்தீன் பூசை நடக்கும்போது செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள். கும்பிட வந்தவர்கள் வாய் திறந்து பதில் சொல்லத் தொடங்கியதைவிடப் பெரிய தொடர்பு மாற்றம் நம் பங்குகளில் வேறொன்றும் நடக்கவில்லை. உலக சமூகத் தொடர்பு நாள் 1967 முதல் கொண்டாடப்படுகிறது. தூய ஆவி பெருவிழாவுக்கு முந்திய ஞாயிறு அது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஆம் ஆண்டு அந்த நாளுக்கான செய்தியை முழுக்க முழுக்கக் கேட்பதைப் பற்றியே எழுதினார். வரும் ஆண்டு அந்த ஞாயிறன்று உங்கள் பங்கில் அறிவித்தல் வாசிப்பவர்களை அமரச் சொல்லிவிட்டு, மக்களைப் பேசவிட்டுப் பாருங்களேன்.

மடல் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு தாளில் செய். பெரிய எழுத்தில் செய். உங்கள் பங்கிலும் கண் மங்கியவர்கள் இருப்பார்கள். பின்பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டு, "பாதருக்குச் சொல்ல விரும்புவது" என்று மேலே அச்சிடு. கோவில் வாசலில் ஒரு பெட்டி வை. வரும் ஒவ்வொரு தாளுக்கும், 'இது இப்போது முடியாது' என்றாவது அடுத்த மாதம் மறுமொழி போக வேண்டும் என்று குழுவில் முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பனி கொட்டும் மாதங்களில் வெளியே வர முடியாத முதியவர்களுக்குத் தொலைபேசி எடுத்துப் பேச, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளைப் பழக்கலாம். பிள்ளைகளின் தமிழும் வளரும்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. உன் பெயரைச் சொன்னால் மட்டும் உடனே விளங்கிவிடுகிறது. தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? செப்டம்பரில் ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு இந்த முறையும் நடைப்பயணம் போகிறார்கள். நானும் போவதாக இருக்கிறேன். உன் குடும்பத்துக்காகச் செபிக்க வேண்டியவற்றை அதற்கு முன் எழுதி அனுப்பு. மடலின் முதல் பிரதியையும், அச்சுக்குக் கொடுக்கும் முன், எனக்கு அனுப்பிவிடு. பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்
உன் மச்சான்