நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: காரைக்குடித் தள்ளுவண்டி உணவுக் கடைகள், 2025–26

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மாலை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சியானது. ஊர் விரிகிற வேகத்துக்கு வண்டிகளும் பெருகி வருகின்றன. செக்காலைச் சாலை, கழனிவாசல், நூறடிச் சாலை, அழகப்பா பல்கலைக்கழகம் போகும் வழி என்று பொழுது சாய்ந்தால் எங்கு திரும்பினாலும் அடுப்பு எரிகிறது. இட்லி, பரோட்டா, பஜ்ஜி விற்ற வரிசையில் இன்று பானிபூரியும் மோமோவும் ஷவர்மாவும் சேர்ந்துவிட்டன. புதியவர்களால் பழைய வியாபாரம் படுத்துவிடும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஷவர்மாவுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் பக்கத்து வண்டியில் பணியாரமும் வாங்குகிறார்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடியின் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள், நம் ஊர் இனிப்பான கந்தரப்பம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். கூட்டம் எல்லோருக்கும் பொது.

புதியவர்களிடம் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம். ஷவர்மாவோடு தரும், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் வண்டிகளில் அது வேண்டாம். ஒரு வண்டியில் ஒரு பிள்ளைக்கு வயிறு கெட்டால், அந்தச் சாலையில் யாரிடமும் ஆள் வர மாட்டார்கள்.

இந்த ஆண்டின் பெரிய வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு மாலை நம் வண்டிகள் சில அப்புறப்படுத்தப்பட்டன. அன்று எல்லோருக்கும் நஷ்டம்தான். ஆனாலும் வெள்ளைப் பணியாரம் போடும் பெண்களுக்கு நேர்ந்தது தனி. பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து, ஊறவிட்டு, வெண்ணெய் போல ஆட்டி எடுக்கும் மாவு அது. புளிக்கவே கூடாது. புளித்தால் எண்ணெய் குடிக்கும், வெள்ளை நிறமும் போய்விடும். மதியம் ஆட்டியதை அன்றிரவே ஊற்றி எடுத்தாக வேண்டும். மிஞ்சிய இட்லி மாவை மறுநாள் ஊத்தப்பமாக்கலாம். பணியார மாவுக்கு அந்த வழியும் கிடையாது. நகரத்தார் வீட்டு விசேஷங்களில் ஆச்சிமாரிடம் கை பழகி, இன்று சொந்தக் காலில் நிற்கும் அக்காமார்கள் மாவுத் தூக்குகளோடு வீடு திரும்பினார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. நாம் மனு கொடுத்த பிறகு வண்டிகள் திரும்பி வந்தன. வீணான மாவுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தெரு வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன்பின் இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தெரு வியாபாரம் பற்றி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதை நகலெடுத்து வண்டிதோறும் கொடுத்திருக்கிறோம். தயவுசெய்து பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்.

எல்லாமே இந்த விற்பனைச் சான்றிதழில் வந்துதான் முட்டுகிறது. தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான ஸ்வநிதி கடன் 2025இல் திருத்தப்பட்டு முதல் தவணை 15,000, அடுத்து 25,000, பிறகு 50,000 ரூபாய் என்றானது. ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. தினவட்டிக்கு வாங்கிக் கடை போடுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் சான்றிதழ் இல்லாதவர்கள் பரிந்துரைக் கடிதத்துக்கு அலைய வேண்டியிருந்தது. நாளை இந்த இடம் நமக்கு உண்டா என்று தெரியாதவர் கடன் வாங்கவும் பயப்படுகிறார், நல்ல வண்டி செய்யவும் தயங்குகிறார். வரும் ஆண்டில் செயற்குழு வேறு எதை விட்டாலும் எல்லோருக்கும் சான்றிதழ் வாங்கித் தரும் வேலையை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சுத்தம் பற்றி இரண்டு வார்த்தை. எண்ணெய் நுரைத்தாலும் கறுத்தாலும் புகைந்தாலும் மாற்றிவிடுங்கள். புது எண்ணெயைக் கலந்து ஓட்டாதீர்கள். செய்தித்தாளில் பஜ்ஜி கட்டிக் கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. சூட்டில் அச்சு மை பலகாரத்தில் ஒட்டும். வாழையிலைக்கும் பாக்குமட்டைத் தட்டுக்கும் செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. உறுப்பினர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு 2025இல் ஆண்டுக் கட்டணம் 100 ரூபாயாக இருந்தது. விடுபட்டவர்களுக்குச் சங்கமே விண்ணப்பம் பூர்த்தி செய்து தரும்.

வண்டிகள் கூடும் இடங்களில் குடிநீர்க் குழாய், கழிவுநீர் வடிகால், பெண்களுக்குக் கழிப்பறை ஆகிய மூன்றும் கேட்டு ஒரு தீர்மானம் இன்று முன்வைக்கப்படுகிறது. மாலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்கள், தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறார்கள். ஆகவே மூன்றாவது கோரிக்கையை முதலாவதாக மாற்றி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்று, தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்