எங்கள் செவ்வாயையும் சனியையும் திருப்பிக் கொடுங்கள்

குன்னூரில் நம் மன்றக் கூடத்தை நடத்திவரும் குழுவினருக்கு,

வணக்கம். செவ்வாய், சனி மாலைகளில் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை உங்கள் கூடத்தில், வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடி போடும் லைன் டான்ஸ் ஆடும் பெண்களில் ஒருத்தி எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நாங்கள் வந்தபோது கதவில் புதுப் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே துணி விற்பனைக்கு மேசைகள். "சீசன் முடியிற வரைக்கும் விட்டாச்சும்மா" என்றார் வாட்ச்மேன் அண்ணன். அவர்மேல் தப்பில்லை. அந்த மாத வாடகைக்கு நீங்கள் கொடுத்த ரசீது என் கைப்பையில் இருந்தது. இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து பக்கத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஆடுகிறோம். அது எவ்வளவு சரிவு என்று ஊர்க்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரிவில் ஆடினால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஆட்டம் பெரும்பாலும் 32 கவுண்ட், அதாவது 32 தட்டு எண்ணி ஆடுவது. அது முடிந்ததும் வலப்புறம் கால்வட்டம் திரும்பி, அதே அடிகளை அடுத்த சுவரைப் பார்த்து ஆட வேண்டும். பார்த்து ஆடும் ஒவ்வொரு திசையையும் சுவர் என்போம். நான்கு சுவரும் முடிந்தால் தொடங்கிய திசைக்கு வந்துவிடுவோம். வண்டி நிறுத்தும் இடத்தில் முதல் சுவருக்கு மேட்டைப் பார்த்து நிற்கிறோம். இரண்டாவதில் இடது கால் மேட்டில், வலது கால் பள்ளத்தில். அங்கேதான் வைன் என்கிற அடியைப் போட வேண்டும். வலது கால் பக்கவாட்டில் போகும், இடது கால் அதன் பின்னால் குறுக்கே வரும். பின்னால் வருகிற அந்தக் கால் தரையைத் தேடுகிறது. மூன்றாவது சுவரில் இறக்கம் இழுத்துக்கொண்டு போக, முன்வரிசைக்காரியின் முதுகில் போய் முட்டுகிறோம். கூடத்தின் மரத்தரையில் பாதம் வழுக்கித் திரும்பும். சிமென்டில் ஷூ பிடித்துக்கொள்ள, முட்டிதான் திரும்புகிறது.

எங்களில் மூத்தவரான அக்காவுக்கு 67 வயது. முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். போன செவ்வாய் தூறலில் அந்த இரண்டாவது சுவரில்தான் சறுக்கி விழுந்தார். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. துடைத்துக் கட்டும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சரிவுலயே நின்னு நின்னு தேஞ்ச முட்டி கண்ணு இது. சமதரையில ஆசைக்கு நின்னது அந்த ஹால்லதான்." சனிக்கிழமை கையில் கட்டோடு மறுபடி வந்தார். ஆடவில்லை. குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று எங்களுக்குக் கவுண்ட் சொன்னார்.

எங்களுடைய இரண்டு மாலைகளையும் திருப்பிக் கொடுங்கள்.

"வெளிநாட்டு ஆட்டத்துக்கெல்லாம் ஹாலா?" என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கைக்குட்டை வீசி வரிசையில் நின்று ஆடுகிற ஒயிலாட்டம் நம்முடையதுதானே ஐயா? ஆட்டங்களை நான்தான் கட்டுகிறேன். போன வருடம் கும்மிப் பாட்டு ஒன்றுக்கு அடி கட்டினேன். அது மூன்று தட்டு நடை. எட்டு எட்டாக எண்ணிப் பழகிய கால்களுக்கு ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் கலைத்து 24 கவுண்டாக்கினேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஆறு தட்டு மிஞ்சியது. அதற்கு டேக் என்று சொல்லும் கூடுதல் அடி ஒன்று வைத்தாக வேண்டும். குனிந்து தட்டி நிமிர்கிற அந்த அடியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். அதைப் பழகி முடித்த அன்று நான்காவது சுவருக்கு பதினெட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினோம். பலகையிலிருந்து ஒரே சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சரிவில் அது கேட்பதே இல்லை.

இந்த ஆட்டத்துக்கு ஜோடி வேண்டாம். கணவரை இழந்தவர், வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் போகிறவர், யாரும் தனியாக வந்து வரிசையில் நிற்கலாம். அப்படி வந்து நிற்பவர்கள்தான் எங்களில் பாதிப்பேர்.

மே மாதம் நமக்கும் பிழைப்பு தருகிற மாதம் என்பதை மறுக்கவில்லை. சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி எல்லாம் நடக்கட்டும், நாங்களும் போகிறோம். ஆனால் இந்த மலையில் சமமான இடம் என்று எது இருந்தாலும் அது வருகிறவர்களுக்கே போய்விடுகிறது. கார் நிறுத்த வேண்டும், கடை போட வேண்டும், காட்டேஜ் கட்ட வேண்டும். வருடம் முழுக்க இங்கேயே மழையிலும் பனியிலும் கிடக்கிறவர்கள் சாயங்காலம் நிற்க ஓர் அறை கேட்டால் சீசன் முடியட்டும் என்கிறீர்கள். சீசன் முடிந்தால் கல்யாண மாதம் என்பீர்கள். எங்கள் முறை எந்த மாதத்தில் வரும்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது வாரத்துக்கு மூன்று மணி நேரம். மேசைகளை ஓரம் தள்ளிப்போட்டு ஆடவும், முடிந்ததும் மறுபடி இழுத்துப் போட்டுவிட்டுப் போகவும் தயார். வாடகையைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமென்றால் அதையும் பேசுவோம். எங்கள் செவ்வாயையும் சனியையும் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

வருகிற செவ்வாய் ஐந்து மணிக்குக் கூடத்து வாசலில் இருப்போம். தயவுசெய்து சாவியோடு யாரையாவது அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டம் கட்டுகிறவள், உடன் ஆடும் பதினேழு பேருக்காகவும்