லோயர் ஆர்ம் புஷ்: வண்டி தரையில் நின்ற பிறகு டைட் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலைப் பள்ளங்களைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மில் இருக்கிற ரப்பர் புஷ்ஷை மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம் வருகிறது என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. சாலை மோசம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திருநெல்வேலியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புதிதாகப் போட்ட லோயர் ஆர்ம் புஷ் சீக்கிரமே கிழிந்து எங்களிடம் வருகிற வண்டிகள் பலவற்றில் பழுதுக்குக் காரணம் சாலையும் இல்லை, ஸ்பேரும் இல்லை. போல்ட்டை எந்த நிலையில் டைட் வைத்தார்கள் என்பதுதான்.

நம்மூரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லோயர் ஆர்ம் இருக்கும். அதன் ஒரு முனை பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு வழியாகச் சக்கரப் பக்கம், மறுமுனை இரண்டு புஷ் வழியாக வண்டியின் அடிச்சட்டத்தில். புஷ் என்பது வெளியே ஒரு இரும்புக் குழல், உள்ளே ஒரு இரும்புக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிப்பிடித்த ரப்பர், அவ்வளவுதான். இதில் பலர் கவனிக்காத விஷயம், போல்ட்டை டைட் வைத்ததும் உள் குழல் அசையவே அசையாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஆர்ம் சுழல்வது ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான். பேரிங் மாதிரி அது வழுக்கிச் சுற்றுவதில்லை.

இப்போது பாருங்கள், இரண்டு தூண் லிஃப்ட்டில் வண்டியைத் தூக்கினால் சக்கரம் மூன்று நான்கு அங்குலம் கீழே தொங்கிவிடும், ஆர்மும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழு டைட் வைத்துவிட்டு வண்டியை இறக்கினால் என்ன ஆகும்? ஆர்ம் மேலே போகும், உள் குழல் போகாது, நடுவில் இருக்கிற ரப்பர் ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கியே நிற்கும். வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் அதற்கு ஓய்வு கிடையாது. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் அந்த முறுக்கின் மேல் இன்னொரு முறுக்கு, அப்புறம் ரப்பர் கிழியாமல் என்ன செய்யும்?

இப்படிக் கிழிந்த புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். ரப்பர் வெளிப்பக்கம் இன்னும் கறுப்பாக, புதுசு மாதிரி இருக்கும். உள் குழலை ஒட்டி மட்டும் பிறை வடிவில் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும், கடப்பாறை முனையை வைத்து லேசாக நெம்பினால் அது வாய் திறக்கும். வயசாகித் தேய்ந்த ரப்பர் இப்படி இருக்காது, அது எல்லாப் பக்கமும் பொடிப்பொடியாக விரிசல் விட்டு வெளுத்திருக்கும். வண்டிக்காரர் ஸ்பேர் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறார், கடைக்காரர் ரோட்டைக் கைகாட்டுகிறார். போல்ட்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

சரியான முறை கஷ்டமே இல்லை. ஆர்மை மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, ஸ்பானரால் லேசாகப் பிடித்தால் போதும். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்திக் குலுக்கிவிட்டு, வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் புஷ் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டைட் வைக்க வேண்டும். கீழே கை போகாத வண்டியென்றால் ஸ்டாண்டில் நிற்கும்போதே பால் ஜாயின்ட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டை விட்டு வண்டி எழும்பத் தொடங்குகிற அளவுக்கு ஏற்றி டைட் வைக்கலாம். வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் யாரும் அடியில் படுக்க வேண்டாம். இந்த விஷயத்தில் பழைய குழி ஒர்க்‌ஷாப்புகளே மேல் என்பேன், அங்கே வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும், மெக்கானிக் குழிக்குள் நின்று வேலை செய்வார், அந்த நிலை தானாகவே சரியாக அமைந்துவிடும். ஏசி ஹாலில் லிஃப்ட் போட்ட இடம் என்பதற்காக இதுவும் சரியாக நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

புஷ்ஷை ஏற்றுகிற வேலையிலும் அவசரம் கூடாது. தகட்டை அழுத்திச் செய்த ஆர்மில் சுத்தியலால் அடித்து இறக்கினால் புஷ் உட்காருகிற காது வளையும், குழல் நசுங்கும். பக்கத்தில் புஷ்ஷை அழுத்தி ஏற்றும் பிரஸ் இல்லையென்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பழைய புஷ் வெளியே வருமுன் அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஆர்மில் பெயிண்ட்டால் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள், அது திரும்பி உட்கார்ந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஏற்றும்போது வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ என்ஜின் ஆயிலோ வேண்டவே வேண்டாம், எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து ஸ்பிரே அடிக்கிறார்களே, துருப்பிடிக்காது என்று, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். துருவுக்கு நல்லதோ என்னவோ, அடியில் இருக்கிற அத்தனை புஷ்ஷுக்கும் கெடுதல்.

ரப்பருக்குப் பதிலாக பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகையில் செய்த புஷ்ஷின் கதை வேறு. அது உள் குழலோடு ஒட்டியிருக்காது, அதன் மேல் வழுக்கிச் சுற்றும், அதனால் முறுக்குப் பிரச்சினை கிடையாது. ஆனால் அதற்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் வேண்டும், சாலை அதிர்வும் கூடுதலாக உள்ளே கேட்கும். தினசரி குடும்பத்தோடு ஓட்டுகிற வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன்.

வேலை முடிந்ததும் சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள், இல்லையென்றால் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து புஷ் செலவைவிட அதிகம் வைக்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புஷ் மாற்றக் கொடுக்கும்போது, "அண்ணே, கடைசி டைட் வண்டியை இறக்கின பிறகுதானே வைப்பீங்க?" என்று மரியாதையாகவே கேளுங்கள். தெரிந்த மெக்கானிக் சந்தோஷப்படுவார். கழற்றின பழைய புஷ்ஷையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறேன். எங்களிடம் வேலைக்குச் சேருகிற பையன்களுக்கு புஷ்ஷைக் கழற்றவும் மாட்டவும் தெரிகிறது, எந்த நிலையில் டைட் வைக்க வேண்டும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். பயிற்சிக் கூடத்தில் ஒரு பழைய ஆர்மின் புஷ் போல்ட்டை வைஸில் பிடித்து, ஆர்ம் தொங்கும் நிலையில் டைட் வைத்துவிட்டு ஆர்மை மேலே தூக்கிக் காட்டுங்கள், ரப்பர் எப்படித் திருகுகிறது என்று அவர்களே கண்ணால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஒர்க்‌ஷாப்காரர்,
திருநெல்வேலி.