மலையேறும் மகளுக்கு, பூட்ஸ் வாங்கும் முன்

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாளும் நலம். அப்பத்தாளுக்கு மழைக்கு மூட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சுகம். நீ அனுப்பிய மூன்று பூட்ஸ் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுத உட்கார்ந்தேன்.

ஸ்காட்லாந்து மலைகளில் வருஷம் முழுக்கப் போட ஒரே ஜோடி எது என்று கேட்டிருந்தாய். அப்படி ஒன்று இல்லை அம்மா. வைகாசியில் புல்லிலும் சேற்றிலும் நடக்கிற பூட்ஸ் காலோடு சேர்ந்து வளைய வேண்டும். மார்கழியில் உறைந்த சரிவில் கிராம்பான் (பனியில் பிடிக்க அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) மாட்டுகிற பூட்ஸ் வளையவே கூடாது. எல்லாக் காலத்துக்கும் ஆகும் என்று விற்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இடம் உனக்குத் தோதானதா என்பதுதான் கேள்வி.

அங்கே உள்ள பென் நெவிஸ் மலை 1,345 மீட்டர்தானே, கொடைக்கானல் ஊரே 2,100 மீட்டர் பக்கம் என்று சொல்லி உன் ஆத்தா ஆறுதலாக இருக்கிறாள். நீ அந்தக் கணக்கை நம்பாதே. அவ்வளவு வடக்கே தள்ளியிருக்கும் நாட்டில் கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரைக்கும்கூட உச்சியில் பனி கிடக்கும். அங்கே பூட்ஸை பி0 முதல் பி3 வரை, கிராம்பானை சி1 முதல் சி3 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். பி0 கிராம்பானுக்கு ஆகாது. பூட்ஸ் வளைய வளைய அது கழன்றுவிடும். பி1 கொஞ்சம் விறைப்பு, பட்டை வைத்துக் கட்டும் சி1 அதற்குப் பொருந்தும். பி2 இன்னும் விறைப்பு, அதன் குதிகாலில் சி2-இன் கிளிப்பை மாட்டலாம். பி3 பனிச்சுவர் ஏறுகிறவர்களுக்கு, உனக்கு வேண்டாம்.

நீ அனுப்பியதில் முதலாவது துணி பூட்ஸ், பி0. மூன்றாவது பி2. நடுவில் இருக்கும் தோல் பூட்ஸ் பி1. என் யோசனை அதுதான். காய்ந்த கோடைப் பாதைக்கு உன்னிடம் இருக்கும் ஓட்ட ஷூவே போதும். செங்குத்தான பனிச் சரிவுக்குப் போகத் துணிந்தால் பி2-வை முதலில் வாடகைக்கு எடு. அவிமோரிலும் ஃபோர்ட் வில்லியமிலும் கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் அவிமோர் பக்கத்தில் இருக்கும் கிளென்மோர் லாட்ஜில் குளிர்கால மலைப் பயிற்சி எடுத்துக்கொள். ஐஸ் கோடரியைப் பிடிக்கத் தெரியாதவளுக்கு எந்த பூட்ஸும் துணை இல்லை.

சரி, இதெல்லாம் அப்புறம். முதலில் கால்.

போன தடவை இறங்கும்போது பெருவிரல் நகம் கறுத்துப்போனது என்றாயே, அதைப் பூட்ஸின் தரம் என்று நினைக்காதே. குதிகால் பின்னால் பிடிமானமில்லாமல் கால் முன்னே சரிந்திருக்கிறது, அல்லது பூட்ஸ் நீளம் குறைவு. ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் இருந்த காலத்தில் நான் நாள் முழுக்கப் பார்த்தது லாஸ்ட் என்கிற அச்சுக்கட்டையைத்தான். அந்தக் கட்டையைச் சுற்றித்தான் தோலை இழுத்து ஷூவாக்குகிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் கட்டை வேறு. அதனால் ஒருவரின் ஆறாம் நம்பரும் இன்னொருவரின் ஆறாம் நம்பரும் ஒன்றாக இருக்காது. நம்பரைப் பார்த்து இணையத்தில் வாங்காதே என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

உன் கால் வளவுக்குள் ஆத்தங்குடிக் கல்லின் மேல் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த கால். அப்படி வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகன்றிருக்கும். ஐரோப்பியக் கட்டைகள் பலவும் அந்த இடத்தில் ஒடுங்கியவை. அகலமான அளவு இருக்கிறதா என்று வாய் திறந்து கேள். அகலம் போதவில்லை என்பதற்காக நம்பரைக் கூட்டினால் நீளம் அதிகமாகிக் குதிகால் ஆடும், கொப்புளம் வரும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்திருக்கிறாய், உனக்குத் தெரியும். சிங்கம்புணரி தாண்டி நத்தம் போவதற்குள் பாதம் எப்படி வீங்கிவிடுகிறது! மலையிலும் அப்படித்தான். அதனால் கடைக்குச் சாயங்காலம் போ, நன்றாக நடந்துவிட்டுப் போ. மலைக்குப் போடும் அதே கம்பளிக் காலுறையைப் போட்டுப் பார். கயிற்றைக் கட்டாமல் விரல்கள் முன்னால் தொடும்படி காலைத் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஆட்காட்டி விரல் ஒன்று நுழைய இடம் இருக்க வேண்டும். அப்புறம் இறுக்கிக் கட்டி, கடையில் இருக்கும் சரிவுப் பலகையில் இறங்கு. பெருவிரல் இடித்தால் கழற்றி வைத்துவிடு, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஏறும்போது குதிகால் தூக்கினாலும் அப்படியே. கடைக்காரர் 'போடப் போடச் சரியாகிவிடும்' என்பார். தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும். நீளத்தில் இளகாது.

தண்ணீர் புகாத சவ்வு வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். அந்த ஊர் மழைக்கு வேண்டும். ஆனால் அதை முழுக்க நம்பாதே. சதுப்பில் கணுக்காலுக்கு மேல் கால் இறங்கிவிட்டால் தண்ணீர் மேல்வழியாக வரும், உள்ளே வந்த தண்ணீர் சீக்கிரம் வெளியே போகாது. பூட்ஸ் வாயை மூடிக் கணுக்காலுக்கு மேல் கட்டும் உறை, கெய்ட்டர், ஒன்று வாங்கிக் கட்டிக்கொள். சவ்வு தேய்ந்த பிறகும் நல்ல முழுத்தோல் உழைக்கும். தையல் குறைவாக, ஒரே பெரிய துண்டில் வெட்டிய மேல்தோலாகப் பார்த்து எடு. தையல் இருக்கும் இடத்தில்தான் தண்ணீரும் புகும், நூலும் அறும். நம் பக்கம் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலை ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக பிரிட்டனுக்குத்தான் அனுப்பினார்கள். தோலைத் தொட்டுப் பார்க்கும்போது உனக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

அடிப்பாகத்தைக் கவனமாகப் பார். 1935-இல் இத்தாலியில் புன்டா ரசிகா மலையில் ஆறு பேர் குளிரில் இறந்தார்கள். கனத்த ஆணி பூட்ஸைக் கீழே விட்டுவிட்டு மெல்லிய காலணியில் ஏறியவர்கள் அவர்கள். அவர்களோடு போயிருந்த விட்டாலே பிரமானி அந்தத் துக்கத்திலிருந்து 1937-இல் ஆழமான பற்கள் வைத்த ரப்பர் அடிப்பாகத்தைச் செய்தார். அதுதான் இன்று பூட்ஸ் அடியில் நீ பார்க்கும் விப்ரம் என்ற பெயர். உன் பாட்டையா மலேயா போன காலத்தில் ரப்பர் என்றால் டயர்தான். அந்த ரப்பர் மலைக்காரர்களின் உயிர்காக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஈரப் புல்லில் இறங்கும்போது குதிப்பகுதி தனியாக, கூர்மையான விளிம்போடு இருந்தால்தான் பிடிக்கும். தட்டையாக ஓடும் அடிப்பாகம் சறுக்கும்.

தள்ளுபடியில் பழைய சரக்கு எடுக்காதே. பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன். போடாமல் பெட்டிக்குள் கிடந்தாலும் காற்றின் ஈரம் பட்டுப் பட்டு உள்ளுக்குள் இற்றுப்போகும். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், மலை நடுவில் அடிப்பாகம் அப்படியே பெயர்ந்து வந்துவிடும். எந்த வருஷத்துச் சரக்கு என்று கேட்டு வாங்கு. அடிப்பாகம் தேய்ந்தால் மாற்றித் தருவார்களா என்றும் கேள்.

நனைந்து வந்தால் ஹீட்டர் மேல் வைக்காதே, தோல் வெடிக்கும், பசை விடும். உள்ளே செய்தித்தாள் திணித்துக் காற்றோட்டமாக வை. புது பூட்ஸை நேராக மலைக்குக் கொண்டுபோகாமல் கொஞ்ச நாள் வேலைக்குப் போட்டுப் போ.

பணத்தை நினைத்து மலிவானதை எடுக்காதே, குறைகிறதை நான் போட்டுவிடுகிறேன். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன் என்றாய். வாங்கினால் முதலில் கொஞ்ச நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டு நட, அழுக்குப் படாமல் இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். இடது பெருவிரல் இடிக்கிறதா, குதிகால் தூக்குகிறதா, இரண்டையும் எனக்கு எழுது. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் ஆத்தா கட்டி வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி