ஆண்டுக் கணக்கை முடிக்கும் முன் லிட்டர் கணக்கு

அன்புள்ள பிரூவரி (பீர் ஆலை) வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டு இறுதி ஆய்வுக்கான வேலையைத் தொடங்கிவிட்டோம். வழக்கமாக முதலில் வரவு செலவுப் புத்தகத்தைக் கேட்போம். இம்முறை அதற்கும் முன்னால் லிட்டர் கணக்கைக் கேட்கிறோம்: காய்ச்சிய வோர்ட் (பீராக நொதிக்கப்போகும் இனிப்பு மால்ட் சாறு) எவ்வளவு, விற்ற பீர் எவ்வளவு, நடுவில் போனது எங்கே போனது. இதை ஏன் கேட்கிறோம், எப்படி எடுப்பது, எங்கே பிசகும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

லாபம் குறைந்தால் மால்ட் (முளைகட்டிய தானியம்) விலையையும் மின்கட்டணத்தையும்தான் எல்லோரும் முதலில் கைகாட்டுவார்கள். அவை இரண்டும் உங்கள் கையில் இல்லை. டேங்க் அடியில் தங்கிச் சாக்கடைக்குப் போகும் பீர் உங்கள் கையில் இருக்கிறது.

முதல் பிசகு அளவெடுக்கும் இடத்திலேயே நடக்கிறது. கொதிக்கும் வோர்ட் 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறும்போது சுமார் 4 சதவீதம் சுருங்கும். கெட்டிலில் (காய்ச்சும் கொப்பரையில்) சூடாக 1,050 லிட்டர் இருந்தது, ஆறியபின் 1,008 லிட்டர்தான். சூட்டில் எடுத்த அளவு ஒரு நோட்டிலும் ஆறியபின் எடுத்த அளவு இன்னொரு நோட்டிலும் இருந்தால், நடக்காத 42 லிட்டர் நஷ்டத்தை ஒவ்வொரு பேட்சிலும் தேடிக்கொண்டிருப்பீர்கள். எல்லா அளவையும் ஆறிய வோர்ட்டுக்கு மாற்றி எழுதுங்கள்.

அந்த 1,008 லிட்டரின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். கெட்டில் அடிக் கசடும் குழாயில் நிற்பதும் 48 லிட்டர் என்றால் ஃபெர்மென்டருக்கு (நொதிக்கும் டேங்குக்கு) 960 போகிறது. காய்ச்சுவது ஹேஸி ஐபிஏ (ஹாப்ஸ் மணம் தூக்கலான கலங்கல் பீர்), லிட்டருக்கு 12 கிராம் ட்ரை ஹாப் (மணத்துக்காக ஃபெர்மென்டரிலேயே போடும் ஹாப்ஸ் பூ), ஆக ஏறக்குறைய 11.5 கிலோ. ஹாப்ஸ் பெல்லட் (பொடித்து அழுத்திய ஹாப்ஸ்) தன் எடையைவிடப் பல மடங்கு பீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கிலோவுக்கு 7 லிட்டர் என்று வைத்தாலே 80 லிட்டர் போயிற்று. ஈஸ்ட் படிவோடு 35, கெக் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) நிரப்பும்போது நுரையிலும் குழாயிலும் 25. விற்கக் கிடைப்பது 820 லிட்டர். அதே 960 லிட்டரில் ட்ரை ஹாப் இல்லாத லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர்) போட்டால் 900 வரை வரும்.

பலருடைய விலைத்தாளில் இரண்டு பீரும் '1,000 லிட்டர் பேட்ச்' என்றே நிற்கின்றன. மொத்தச் செலவை 1,000 ஆல் வகுப்பதற்கும் 820 ஆல் வகுப்பதற்கும் லிட்டர் அடக்கத்தில் 22 சதவீத வித்தியாசம். அதிகம் விற்கும் பீரிலேயே கையைச் சுட்டுக்கொள்வது இப்படித்தான். ஹாப்ஸின் விலை விலைத்தாளில் ஏறிவிடுகிறது, ஹாப்ஸ் குடித்த பீரின் விலை ஏறுவதில்லை.

இழப்பு முழுவதையும் நிறுத்த முடியாது, குறைக்க முடியும். ஃபெர்மென்டரின் கூம்பு அடியில் உள்ள வால்வை வேகமாகத் திறந்தால் படிவின் நடுவில் துளை விழும். கசடு சுற்றுச்சுவரில் ஒட்டிக்கொள்ள, நல்ல பீர் அந்தத் துளை வழியாக வெளியே ஓடும். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, கெட்டியாக வருவதை மட்டும் எடுத்து, பீர் தெளிந்து வரத் தொடங்கியதும் மூடுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். ஒரே தடவையில் முடிப்பதைவிட இரண்டு மூன்று தடவையாக எடுப்பது நல்லது. ஆனால் கடைசி பத்து லிட்டரையும் விடக்கூடாது என்று கசடோடு பிரைட் டேங்குக்கு (தெளிந்த பீரை வைக்கும் டேங்குக்கு) இழுப்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். அந்தப் பத்து லிட்டர் மீதி எண்ணூறையும் கெடுக்கும்.

அடுத்தது டேங்க் நாட்கள், அதாவது ஒரு பேட்ச் டேங்கைப் பிடித்து வைத்திருக்கும் நாட்கள். ஒரு பேல் ஏல் (லாகரைவிடச் சீக்கிரம் நொதிக்கும் பீர்) 14 நாளில் 880 லிட்டர் தருகிறது, லாகர் 35 நாளில் 905 தருகிறது என்று வைப்போம். டேங்க் நாள் ஒன்றுக்கு ஏலில் 63 லிட்டர், லாகரில் 26. டேங்குகள் ஓய்வின்றி ஓடும் பிரூவரியில், லாகரின் லிட்டர் லாபம் ஏலைப் போல 2.4 மடங்கு இருந்தால்தான் இரண்டும் சமம். டேங்க் காலியாக நிற்கும் மாதங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது லிட்டர் லாபத்தை மட்டும் பாருங்கள். ஆகவே எங்களுக்கு ஆண்டுச் சராசரி போதாது, டேங்க் நிரம்பியிருந்த நாட்களை மாதவாரியாகத் தாருங்கள்.

இதைப் படித்துவிட்டு நாட்களைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். ட்ரை ஹாப் போட்ட பீரில் ஹாப்ஸில் உள்ள நொதிகள் மிச்ச டெக்ஸ்ட்ரின்களை (ஈஸ்ட் தின்னாமல் விட்ட மாவுச்சத்துத் துண்டுகளை) உடைத்துச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். அடர்த்தி இன்னும் சில புள்ளிகள் இறங்கும், டைஅசிட்டைல் (வெண்ணெய் வாசனை தரும் பொருள்) திரும்ப எழும். அதற்குள் குளிர வைத்து அடைத்தால் கெக்கில் வெண்ணெய் வாசனை வரும், கேனாக இருந்தால் உப்பும், வெடிக்கவும் செய்யும். நாட்காட்டியைப் பார்த்து எடுக்காமல் சோதித்து எடுங்கள். ஒரே பீரை இரண்டு மூடிய ஜாடிகளில் எடுத்து, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து ஆறவிட்டு, இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசனை வந்தாலும் பொறுக்க வேண்டும். அடர்த்தி தொடர்ந்து மூன்று நாள் நகராமல் நின்று, இந்தச் சோதனையும் தேறினால் குளிர வையுங்கள். திரும்பி வந்த ஒரு பேட்சின் செலவில் எத்தனையோ டேங்க் நாட்களை வாங்கியிருக்கலாம்.

கெக் விஷயத்துக்கு ஒரு நாளைக் குறித்து, அந்த ஒரே நாளில் எண்ணுங்கள். உள்ளே காலி, உள்ளே நிரம்பியது, வெளியே யாரிடம் எத்தனை என்று மூன்று பத்தி போதும். வாரம் 60 கெக் விற்று, ஒரு கெக் போய்த் திரும்ப 8 வாரம் ஆனால் 480 கெக் தேவை. அதை 6 வாரமாக்கினால் 360 போதும். புது கெக் வாங்கக் கடன் கேட்கும் முன், 90 நாள் தாண்டி வெளியே கிடப்பவற்றின் பட்டியலை எடுத்து ஆளனுப்புங்கள். வாங்கிய கெக் டெபாசிட்டை வருமானத்தில் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது திருப்பித் தரவேண்டிய பணம்.

ஹாப்ஸ் ஒப்பந்தத்துக்கு வருவோம். 400 கிலோவுக்குக் கையெழுத்திட்டு 250 கிலோதான் செலவானது என்றால், மிச்சம் 150 கிலோவோடு அடுத்த ஆண்டின் 400 கிலோவும் வந்து நிற்கும். சப்ளையரிடம் இப்போதே பேசி அளவைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பக் கேளுங்கள். தவணை தவறியபின் பேசுவது கடினம். இருப்பதைப் பிரிக்காத உறையிலேயே உறைகுளிரில் வையுங்கள். கசப்புக்குப் போடும் ஹாப்ஸில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் அறுவடைக்கு அறுவடை மாறும். 12 சதவீதம் இருந்த இடத்தில் 10 வந்தால் அதே கசப்புக்கு 20 சதவீதம் கூடுதலாகப் போட வேண்டும். கிலோவை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போட்டால் இங்கே இடிக்கும்.

கடைசியாக, டேங்குகள் காலியாக இருக்கும் நாட்களில் ஃப்ளோ மீட்டரைச் சரிபாருங்கள். காலி 50 லிட்டர் கெக்கை எடை போட்டு, மீட்டர் வழியாகக் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி மறுபடி எடை போடுங்கள். கூடிய கிலோவும் மீட்டர் காட்டிய லிட்டரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று முறை செய்யுங்கள். ஒரே பக்கமாக 2 சதவீதம் தள்ளினால் ஆண்டு முழுவதும் எழுதியதைத் திருத்த வேண்டும். டேங்கைச் சூடாகக் கழுவிய கையோடு மூடி வைத்துக் குளிர்ந்த தண்ணீர் விடாதீர்கள். உள்ளே வெற்றிடம் உண்டாகி டேங்க் நசுங்கிவிடும். கரியமில வாயு நிறைந்த டேங்கில் காஸ்டிக் (டேங்க் கழுவும் காரக் கரைசல்) விட்டாலும் அதே கதிதான், வாயுவைக் காஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் வாயுவை வெளியேற்றி, காற்று வழி திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

எங்களுக்கு அனுப்ப வேண்டியவை: பேட்ச் குறிப்பேட்டின் நகல், மாதவாரி டேங்க் நாட்கள், கெக் எண்ணிக்கைத் தாள், ஹாப்ஸ் ஒப்பந்தங்கள், கலால் வரிக்குக் காட்டிய லிட்டர் விவரம். வரிக்குக் காட்டியதும் உங்கள் நோட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். வித்தியாசம் எந்த பேட்சில் விழுந்தது என்று கண்டுபிடிக்கத் திருத்தாத தாள்தான் எங்களுக்குத் தேவை. இவை வந்தபின் ஒவ்வொரு பீருக்கும் தனி விலைத்தாள் போட்டுத் தருவோம். அதன் பிறகே வரவு செலவுப் புத்தகத்தைத் திறப்போம்.

இப்படிக்கு,
உங்கள் ஆலோசனைக் குழுவினர்